நிழல் தெற்கே விழுந்தால் நிபிரு வருகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மே மாத உச்சி வெயிலில் நின்று பாருங்கள், நிழல் தெற்கே விழும். "வடக்கேதானே விழும்? நிபிரு கிரகம் நெருங்கி வந்து பூமியைச் சாய்த்துவிட்டது" என்று ஒரு வாட்ஸ்அப் ஆடியோ கிளம்ப இது போதும். நிபிரு என்பது பூமியை நோக்கி வருவதாக வதந்திகளில் மட்டும் உலவும் ஒரு கற்பனைக் கிரகம். ஜனவரி நிழலையும் மே நிழலையும் ஒப்பிடுவதுதான் முதல் தவறு. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு 12 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 23, 24 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. அப்புறம் ஆகஸ்ட் 20 வாக்கு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான். உதிக்கும் இடமும் ஜூனில் நேர்கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளிப்போய், டிசம்பரில் அதே அளவு தெற்கே போகும். சந்தேகம் இருந்தால் வாசல் சுவரில் ஒரு கோடு கிழித்துவிட்டு, அடுத்த வருடம் அதே தேதியில், அதே நேரத்தில் பாருங்கள்.

போனில் எடுத்த படத்தில் சூரியனுக்குப் பக்கத்தில் தெரியும் 'இன்னொரு சூரியன்' லென்ஸுக்குள் நடக்கும் எதிரொளிப்பு. போனைக் கொஞ்சம் அசைத்தால் அந்த உருண்டையும் ஓடும்.

இவற்றைவிட ஏமாற்றக்கூடியது அரை உண்மை. "பூமியின் சுழற்சி மாறுவதை விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள்" என்பார்கள். சரி, மாறுகிறதுதான். 2024 ஜூலை 5 அன்று ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிட சுமார் 1.66 மில்லி விநாடி முன்னதாக முடிந்தது. காற்றோட்டம், பூமியின் உள்ளே இருக்கும் திரவ வெளிக்கரு, கடல் ஓதங்கள் வழியாக நிலா இழுக்கும் இழுவை எல்லாம் சேர்ந்துதான் சுழற்சியின் வேகத்தை இப்படிக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கின்றன. வெளியிலிருந்து ஒரு கிரகம் வந்து நம் சுழற்சியைக் கலைக்க வேண்டுமென்றால், அதற்கு முன்பே நிலாவின் பாதை கலைந்திருக்கும். கிரகணம் பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்துக்கு வராது. இன்றுவரை கிரகணம் நேரம் தவறியதில்லை.

'ஒன்பதாம் கிரகம்' செய்தியை இதோடு முடிச்சுப் போடுவது இன்னொரு தவறு. நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு கிரகம் இருக்கலாம் என்று 2016-இல் பேட்டிகின், பிரவுன் என்ற இரு வானியலாளர்கள் முன்வைத்த ஊகம் அது. யாரும் இன்னும் அந்தக் கிரகத்தைப் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருந்தாலும் சூரியனுக்கும் நமக்கும் உள்ள தொலைவைப் போலப் பல நூறு மடங்கு தள்ளித்தான் சுற்றும். இந்தப் பக்கமே வராது.

நிபிருவுக்கு 2003, 2012, 2017 என்று தேதி மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

கடைசியாக, "நாசா மறைக்கிறது." பக்கத்து ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1988-இல் அங்கிருந்தே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவு சின்னதே அங்கிருந்து தெரியும்போது, பூமியைச் சாய்க்கும் அளவுக்குப் பெரிய கிரகம் பக்கத்தில் வந்தால் தொலைநோக்கியே வேண்டாம். பென்னாகரத்து மொட்டைமாடியிலிருந்து வெறும் கண்ணுக்கே தெரியும். யாராலும் மறைக்க முடியாது.