குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கும் சிறிய விமானம்: இன்ஜினில் துரு ஏறாமல் காப்பது எப்படி?

இன்ஜினுக்குள் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டால் மழை, பனி, ஈரக்காற்று என்போம். இன்ஜினே தண்ணீரைத் தயாரிக்கிறது என்பது சட்டென்று நினைவுக்கு வராது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். பெரும்பகுதி எக்ஸாஸ்ட் வழியே போய்விடும். மிச்சத்தில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் பக்கம் இறங்கிவிடும்.

அதனால்தான் ‘வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிடு’ என்கிற யோசனையை நான் ஏற்பதில்லை. முதல் குளிர்காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன். ஒருநாள் ஆயில் மூடியைத் திறந்தால், உட்புறம் சந்தன நிறத்தில் குழைவாக ஏதோ அப்பியிருந்தது. ஆயிலும் தண்ணீரும் கலந்த கலவை. பத்து நிமிஷத்தில் ஈரம் சேர்கிறது, ஆனால் அதை விரட்டும் அளவுக்கு ஆயில் சூடாவதில்லை. விமான இன்ஜின் தயாரிக்கும் லைகோமிங் நிறுவனம் சொல்வது வேறு: 30 நாளுக்குள் ஒருமுறையாவது, ஆயில் 74 முதல் 93 டிகிரி செல்சியஸில் இருக்கும்படி ஒரு மணி நேரம் விடாமல் பறக்க வேண்டும். அது முடியாதா? அப்படியானால் ஸ்டார்ட்டரையே தொடாமல், இன்ஜினை முறையாகப் பதப்படுத்தி வைப்பதுதான் வழி.

இந்த வேலையைச் சொந்தக்காரரே செய்யலாமா, உரிமம் பெற்ற மெக்கானிக்தான் செய்ய வேண்டுமா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் கையேடு சொல்வது இங்கே நான் சொல்வதோடு மாறுபட்டால், கையேடு சொல்வதே சரி.

1. ஆயிலை மாற்றுங்கள்

ஒரு மணி நேரம் பறந்து வந்ததும், சூடு ஆறுவதற்குள் பழைய ஆயிலை வடித்துவிடுங்கள். அதில் ஈரமும் அமிலமும் ஊறியிருக்கும். ஃபில்டரையும் மாற்றிவிட்டு, துரு தடுக்கும் காப்பு ஆயிலை ஊற்றுங்கள். ஏரோஷெல் ஃப்ளூயிட் 2எஃப் இந்த வகை. பிறகு கையேடு சொல்லும் நேரம் இன்ஜினை ஓட்டினால் அது எல்லா இடத்திலும் பரவும்.

இன்ஜினில் எனக்கு அதிகக் கவலை தருவது, வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட். லைகோமிங் ஓ-320, ஓ-360 போன்ற இன்ஜின்களில் அது, புரொப்பல்லரைச் சுற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. நிறுத்தி வைத்தால் ஆயில் மெல்ல வடிந்து, அதன் மேடுகள் வெறும் இரும்பாக நிற்கும். கடுகளவு துருப்புள்ளி போதும், அந்த மேடுகள் தள்ளும் டாப்பெட்டின் முகத்தை அரம்போல ராவத் தொடங்கும். அப்புறம் இன்ஜினைப் பிரிக்காமல் தீராது.

2. சிலிண்டருக்குள் தெளியுங்கள்

ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அதன் எர்த் ஒயர் அறுந்திருந்தால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும், புரொப்பல்லரைச் சுற்றினாலே பொறி பறக்கும். எல்லா ஸ்பார்க் பிளக் ஒயர்களையும் கழற்றிய பிறகே புரொப்பல்லரைத் தொடுங்கள்.

மேல் பிளக்குகளை எடுத்துவிட்டு, புரொப்பல்லரைக் கையால் சுற்றி, பிஸ்டன் அடியில் இருக்கும்போது சிலிண்டருக்கு ஏறக்குறைய 60 மில்லி காப்பு ஆயில் தெளியுங்கள். எல்லாச் சிலிண்டரும் முடிந்ததும், புரொப்பல்லரை அசைக்காமல் இன்னொரு முறை தெளியுங்கள். அதன்பின் யாரும் புரொப்பல்லரைச் சுற்றக் கூடாது, சுற்றினால் ரிங்குகள் அந்த ஆயில் படலத்தை வழித்துவிடும். ‘சுற்றாதே’ என்று ஒரு அட்டையை மாட்டுங்கள்.

3. அடைத்துவிடுங்கள்

பிளக் இருந்த துளைகளில் சிலிக்கா ஜெல் நிரப்பிய ஈரமுறிஞ்சி பிளக்குகளை மாட்டுங்கள். எக்ஸாஸ்ட், காற்று நுழையும் வாய் இரண்டிலும் சிலிக்கா ஜெல் பையை வைத்து டேப்பால் மூடுங்கள். இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாயை மறந்துவிடாதீர்கள், ஈரக்காற்று ஆயில் பக்கம் நுழைவது அந்த வழியாகத்தான். ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் தொங்கட்டும். எத்தனை இடம் அடைத்தோம் என்று காக்பிட்டில் எழுதி வையுங்கள்.

15 நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். சிலிக்கா ஜெல்லின் நீல மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகியிருந்தால் மாற்றுங்கள்.

ஆயில் தொட்டியை மட்டும் சூடாக்கும் ஹீட்டரைக் குளிர்காலம் முழுக்க எரியவிடாதீர்கள். அடியில் கிளம்பும் ஆவி, மேலே சில்லிட்டிருக்கும் கேம்ஷாஃப்டில்தான் போய்ப் படியும்.

4. திரும்ப எடுக்கும்போது

அடைப்புகளைப் பிரித்து, எழுதி வைத்த எண்ணிக்கையோடு சரிபாருங்கள். கீழ்ப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, புரொப்பல்லரைக் கையால் மெதுவாகப் பல சுற்று சுற்றினால் தேங்கிய ஆயில் வடியும். வடியாமல் ஸ்டார்ட் செய்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளையலாம். இன்ஜினை மூடியிருக்கும் கவ்லிங்குக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பிளக்குகளைத் துடைத்து மாட்டுங்கள்.