அந்த நொடியைக் குறித்துவையுங்கள்: ஒரே ஷோப்பனை மூன்று பேர் வாசிக்கக் கேட்கும் முறை

எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை நாலு பேர் உட்கார்ந்து பியானோ கேட்போம். நான், அக்கா, அக்கா மகன், எதிர்வீட்டு மாமா. மாமா முப்பது வருஷம் மிருதங்கம் வாசித்தவர். எங்களில் ஒருவருக்கும் பியானோ வாசிக்கத் தெரியாது. ஆரம்பத்தில் ஒரு துண்டு முடிந்ததும் "நல்லா இருந்தது", "ரொம்ப இழுக்கிறார்" என்று சொல்லிவிட்டுக் காபிக்கு எழுந்துவிடுவோம். இப்போது ஐந்து நிமிஷ இசைக்கு ஒரு மணி நேரம் வாதாடுகிறோம். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதை, நீங்களும் செய்துபார்க்கத் தோதாக எழுதுகிறேன்.

முதலில் சின்னதாக ஒன்றை எடுங்கள். நான் எல்லோருக்கும் சொல்வது, போலந்தில் பிறந்த 19-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஷோப்பனின் நாக்டர்ன் (இரவின் மனநிலையில் எழுதிய சின்னப் பியானோத் துண்டு), ஓபஸ் 9 எண் 2; ஓபஸ் என்பது வெளியீட்டு எண். 1832-ல் அச்சானது. வாசிக்க நாலு, நாலரை நிமிஷம் ஆகும். இதில் இரண்டு கைகளுக்கும் வேலை தெளிவாகப் பிரிந்திருக்கிறது. இடது கை கீழே ஒரு சுரம், அதற்கு மேல் இரண்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) என்று கிட்டத்தட்டக் கடைசிவரை ஒரே நடையில் போகும். வலது கை பாடும். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும், வரவர அலங்காரம் கூடும். மெட்டு மறுபடி வரும்போது வாசிப்பவர் எதை மாற்றினார் என்பது பழகாத காதுக்கும் பிடிபடும்.

மூன்று ஒலிப்பதிவு போதும். ரஷ்யப் பியானோ கலைஞர், இசையமைப்பாளர் ரக்மானினோஃப் 1927-ல் வாசித்தது ஒன்று. போலந்தில் பிறந்த பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் 1960-களில் வாசித்தது ஒன்று. மூன்றாவது, இன்று மேடையில் இருக்கும் யாராவது ஒருவர். ரூபின்ஸ்டைன் நாக்டர்ன்களை 1930-களிலிருந்து மூன்று முறை பதிவுசெய்திருக்கிறார். பின்னால் அவரை அவரோடேயே ஒப்பிட்டுக் கேட்கலாம், அது தனிச் சுகம்.

பெயர்களை மறைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அக்கா மகன்தான் கைபேசியை வைத்துக்கொண்டு, வரிசையைச் சொல்லாமல் போடுவான். இது விளையாட்டுக்காக இல்லை. இங்கிலாந்தில் ஜாய்ஸ் ஹாட்டோ என்ற பியானோ கலைஞரின் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகள் வந்தன. பல வருஷம் நோயோடு இருந்த வயதான பெண்மணி இத்தனை வாசித்திருக்கிறாரே என்று விமர்சகர்கள் உருகி எழுதினார்கள். அவர் இறந்த மறு வருஷம், 2007-ல், அவை வேறு கலைஞர்களின் ஒலிப்பதிவுகள் என்று தெரியவந்தது. கணினியில் ஒரு தட்டைப் போட்டபோது, அதன் தரவுத்தளம் லாஸ்லோ சிமோன் என்ற வேறொருவர் பெயரைக் காட்டியதில் தொடங்கியது எல்லாம். நல்ல காதுள்ளவர்களே கதையைக் கேட்டு உருகியிருக்கிறார்கள் என்றால், நாம் பெயரைப் பார்த்துக்கொண்டே கேட்பது சரியாக வராது.

சரி, கேட்கும்போது என்ன செய்வது? ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். பேசக்கூடாது. மனசில் ஏதாவது நடந்தால், சிலிர்ப்போ எரிச்சலோ சலிப்போ எதுவானாலும், அந்த நொடியைக் குறித்துவையுங்கள். '1:42 எரிச்சல்', அவ்வளவுதான். காரணம் எழுத உட்கார்ந்தால் அடுத்த இருபது நொடி காதில் விழாது. இந்த முறையில் எனக்குப் பிடித்ததே இதுதான். "பிடிக்கவில்லை" என்று மொத்தமாகச் சொன்னால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. 1:42-ல் பிடிக்கவில்லை என்றால் அங்கே திரும்பிப் போகலாம்.

பிறகு குறித்த இடங்களை மட்டும் பத்து நொடி முன்னாலிருந்து போட்டுக் கேளுங்கள். அங்கே அவர் கையால் என்ன செய்தார் என்று மட்டும் தேடுங்கள். சுரத்தைத் தாமதித்தாரா? சத்தத்தைத் திடீரென்று குறைத்தாரா? ஒலியை நீட்டிக்கும் கால்மிதியான பெடலை எடுக்காமல் ஒலிகளைக் கலக்கவிட்டாரா? இரண்டு கையும் ஒன்றாக விழுந்ததா? கடைசிக் கேள்வி பழைய ஒலிப்பதிவுகளுக்கு ரொம்ப முக்கியம். பழைய தலைமுறைப் போலந்துப் பியானோ கலைஞர் பதெரெவ்ஸ்கி வாசித்த ஷோப்பனில் இடது கை முதலில் விழும், வலது கை ஒரு இமைப்பொழுது பிந்தி வரும். முதல் தடவை கேட்டபோது தடுமாறுகிறார் என்றே எழுதிவைத்தேன். அந்தத் தலைமுறையில் பலர் அப்படித்தான் வாசித்தார்கள். மெட்டு தனியாக மிதந்து தெரிவதற்கான வழி அது.

தாமதத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். இந்த இசையில் வரும் சண்டையில் முக்கால்வாசி அதைச் சுற்றித்தான். ரூபாட்டோ என்பார்கள், இத்தாலிய மொழியில் 'களவாடிய காலம்'. மாமா முதல் வாரம், "இது விருத்தம் மாதிரி தாளமே இல்லாமல் போகிறது" என்றார். அடுத்த தடவை வலது கையை மறந்துவிட்டு இடது கையை மட்டும் பின்தொடருங்கள் மாமா என்றேன். தொடையில் தட்டிக்கொண்டே கேட்டவர் பாதியில் நிமிர்ந்து, "தாளம் இருக்கிறது, பாடுகிறவர்தான் அதன்மேல் சாய்ந்து சாய்ந்து போகிறார்" என்றார். ஷோப்பன் தன் மாணவர்களுக்குச் சொன்னதாக எழுதிவைத்திருப்பதும் இதுதான்: இடது கை வாத்தியக் குழுவை நடத்துபவர், அது நிலையாக நிற்கவேண்டும். எந்த ஒலிப்பதிவு இழுவையாகப் பட்டாலும் முதலில் இடது கையைக் கேளுங்கள். அது நிலையாக இருந்தும் உங்களுக்குச் சலித்தால் அது ஒரு வகை. இடது கையும் சேர்ந்து தள்ளாடினால் அது வேறு வகை. இரண்டையும் தாளில் தனித்தனியாக எழுதுங்கள்.

இந்தச் சண்டை ஷோப்பன் உயிரோடு இருந்தபோதே நடந்தது. மசூர்க்கா மூன்று எண்ணிக்கை கொண்ட போலந்து நடனம், ஷோப்பன் அந்த வகையில் நிறைய எழுதியிருக்கிறார். அதை நீங்கள் வாசித்தால் நாலாகக் கேட்கிறது என்று பியானோ கலைஞர் சார்லஸ் ஹாலே ஷோப்பனிடம் சொன்னார். ஷோப்பன் மறுத்தார். ஹாலே அவரை வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று நாலு நாலாக உரக்க எண்ணினார், சரியாக விழுந்தது. ஷோப்பன் சிரித்துவிட்டு, அந்த நடனத்தின் மண்வாசனையே அதுதான் என்று விளக்கினார். ஆப்பரா இசையமைப்பாளர் மையர்பேர் வந்து இது இரண்டு எண்ணிக்கை என்று சொன்னபோது மட்டும் கோபப்பட்டு, பென்சிலால் தட்டித் தட்டி மூன்று எண்ணிக் காட்டினார்.

நாலைந்து வாரம் நாக்டர்ன் பழகியபின் பெரிய ஒன்றுக்குப் போங்கள். எங்கள் வீட்டில் எல்லோரையும் புரட்டிப்போட்டது ஷோப்பனின் இரண்டாம் சொனாட்டாவின் (சொனாட்டா என்றால் பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு) மூன்றாம் பகுதி, சவ ஊர்வல நடை. 1849-ல் பாரிஸில் ஷோப்பனின் இறுதிச் சடங்கிலும் இது ஒலித்தது. அமைப்பு எளிது: ஊர்வலம், நடுவில் தாலாட்டு போன்ற ஒரு மெட்டு, மறுபடி ஊர்வலம். ஷோப்பன் எழுதியபடி, திரும்பி வரும் ஊர்வலம் தணிந்த ஒலியில் தொடங்கவேண்டும்.

ரக்மானினோஃப் 1930-ல் பதிவுசெய்ததைப் போட்டோம். நடு மெட்டு அடங்கியது. அடுத்த சுரத்தில் இடிவிழுந்த மாதிரி ஊர்வலம் திரும்பி வந்தது. அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் இப்படி அடிக்கிறார், செத்த வீட்டில்?" என்றாள். எனக்கும் கோபம்தான். எழுதியதற்கு நேர் மாறாக வாசிக்க இவர் யார் என்று தோன்றியது. குறித்த இடத்திலிருந்து கடைசிவரை மறுபடி கேட்டோம். அந்தப் பெருஞ்சத்தம் நிற்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனது. கடைசியில் காதை நீட்டித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. அக்கா மகன்தான் சொன்னான்: "முதலில் தூரத்திலிருந்து வந்தது. இப்போது நம் வாசலில் இருக்கிறது. இப்போது போய்விட்டது." நாங்கள் நாலு பேரும் வாசலில் நின்று பார்த்த மாதிரி இருந்தது. ரக்மானினோஃபுக்கு முன்னால், 19-ஆம் நூற்றாண்டு ரஷ்யப் பியானோ கலைஞர் அன்டன் ரூபின்ஸ்டைன் (ஆர்தர் அல்ல, இவர் வேறு) இப்படித்தான் வாசித்தாராம். நான் என் தாளில் 'கோபம்' என்பதை அடிக்கவில்லை, பக்கத்தில் இன்னொரு சொல் சேர்த்தேன். நீங்களும் அடிக்காதீர்கள். அந்தக் கோபம்தான் உங்களை அந்த இடத்துக்குத் திரும்பக் கூட்டிப்போனது.

ஷோப்பன் எழுதிய இசையின் அச்சு நோட்டுத்தாளை இப்போது, இந்தக் கட்டத்தில், எடுங்கள். ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சத்தத்துக்கான குறிகளைப் பார்த்தால் போதும்: பி (p) என்றால் தணிந்த ஒலி, எஃப் (f) என்றால் பலத்த ஒலி. முதலிலேயே அந்த நோட்டுத்தாளை விரித்தால், கேட்பது தவறு கண்டுபிடிக்கும் வேலையாகிவிடும்.

கூட உட்கார்ந்திருப்பவர் உங்களுக்கு நேர் எதிராக எழுதியிருந்தால் பயப்படவேண்டாம். 1980-ல் வார்சா ஷோப்பன் போட்டியில் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஈவோ போகோரெலிச் முதல் சுற்றைத் தாண்டியதும், இவரைப் போன்றவர்கள் மேலே வந்தால் என்னால் நடுவராக இருக்கமுடியாது என்று பியானோ கலைஞர் லூயிஸ் கென்ட்னர் விலகினார். மூன்றாம் சுற்றோடு போகோரெலிச்சை வெளியே அனுப்பியதும், அவர் ஒரு மேதை என்று சொல்லிவிட்டு இன்னொரு நடுவரான மார்த்தா ஆர்ஹெரிச் விலகினார். 1965-ல் அதே போட்டியில் வென்றவர் ஆர்ஹெரிச். 1980-ன் முதல் பரிசு வியட்நாமின் டாங் தாய் சானுக்குப் போனது. வாழ்க்கையே பியானோ என்று இருந்த இரண்டு பேர், ஒரே மேடையில், ஒரே இளைஞனை, இப்படி எதிரெதிராகக் கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் போகோரெலிச்சின் முதல் ஷோப்பன் இசைத்தட்டிலும் இதே இரண்டாம் சொனாட்டா இருக்கிறது. வரும் ஞாயிறு எங்கள் வீட்டில் அதுதான். பெயரை மறைத்துப் போட இந்த முறை வழியில்லை, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாமா மட்டும், நடு மெட்டு முடியும் இடத்தில் என்னைப் பார்க்காதே, தாளைப் பார் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.