விக்டோரியா ஏரிக்கரைப் பிள்ளைகளுக்குப் புயல் கதை சொல்லும்போது

கென்யாவின் கிசுமு பக்கத்து மீனவக் கிராமங்களுக்கு ஊழியத்துக்குப் போகிறீர்களா? இயேசு கடலை அதட்டிய கதையை (மாற்கு 4:35–41) சிறுவர்களுக்குச் சொல்வதென்றால் முன்கூட்டியே தயாராகுங்கள். ஏரியின் திடீர்க் காற்றை அந்தப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

மொழிபெயர்ப்பாளரிடம் கதையை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். ஏழெட்டுச் சொற்களுக்குள் ஒரு வாக்கியம், பிறகு நிறுத்தம். பத்து நிமிடக் கதை இருபது நிமிடமாகும், அதற்கேற்ப சுருக்குங்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கென்யாவின் பொதுமொழியான சுவாஹிலி சரியாகப் புரியாது. அவர்கள் வீட்டில் பேசும் லுவோ மொழி தெரிந்தவரே வேண்டும்.

ஒரு நீலப் போர்வையை எட்டுப் பேர் ஓரம் பிடித்து ஆட்டட்டும், நடுவில் காகிதப் படகு. பெரிய பிள்ளைகள் சுவாஹிலி வேதாகமத்தில் உள்ளபடி "நியமாஸா, உட்டுலியே" (இரையாதே, அமைதலாயிரு) என்று சொன்னதும் போர்வை அசையாமல் நிற்க வேண்டும். அந்த அமைதியை அவசரப்பட்டுக் கலைக்காதீர்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். "விசுவாசம் இருந்தால் புயல் நிற்கும்" என்று முடித்துவிடுகிறோம். ஏரியில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கலாம். அப்பாவுக்கு விசுவாசம் போதவில்லை என்றுதான் அதன் மனசில் பதியும். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். இயேசு அதே படகில் இருந்தார், சீஷர்கள் பயத்தோடேயே அவரை எழுப்பினார்கள், அவர் அவர்களைத் தள்ளிவிடவில்லை என்று சொல்லுங்கள். "உமக்குக் கவலையில்லையா?" என்ற அவர்களுடைய கேள்வியைப் பிள்ளைகளும் கேட்கட்டும்.

அழும் பிள்ளையைத் தனியே அழைத்துப் போக வேண்டாம். உள்ளூர் சபையின் ஞாயிறுபள்ளி ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பிள்ளையோடு இருக்கப்போவது அவர்தான்.