வால்வு வாங்கும் முன் கார்புரேட்டர் எங்கே என்று பாருங்கள்

பழைய பெட்ரோல் ஜீப்பில் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பம்ப்) பூட்டுகிறவர்கள் கவனத்துக்கு. காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர், காற்று போகும் வழியில் சூப்பர்சார்ஜருக்குப் பின்னால் இருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள குழாயில் ஓடுவது வெறும் காற்று. ஆக்சிலேட்டரை விட்டதும் முட்டி நிற்கிற அந்தக் காற்றை ப்ளோ-ஆஃப் வால்வு 'புஸ்'ஸென்று வெளியே விடலாம், சரி.

கார்புரேட்டர் முன்னால் இருந்தால் கதையே வேறு. அழுத்தப்படுவது பெட்ரோல் கலந்த காற்று. அதைச் சூடான பானெட்டுக்குள் திறந்துவிட்டால் தீப்பிடிக்கலாம், தயவுசெய்து வேண்டாம். அங்கே பைபாஸ் வால்வுதான். கலவையை சூப்பர்சார்ஜரின் உள்வாய்க்கே திருப்பிவிடும். ஐடிலிங்கில் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் கலவை போகும் குழாய்) வேக்குவம், அதாவது உறிஞ்சல், வால்வின் டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வை இழுத்து வால்வைத் திறந்து வைக்கும். அழுத்தி மிதித்தால் வேக்குவம் போய், ஸ்பிரிங் மூடிவிடும்.

குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் ஸ்பிரிங்கும் தண்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வால்வு திறந்தபடியே சிக்கினால் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது இழுவையே இருக்காது. சோதிப்பது சுலபம். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது பைபாஸ் வால்வின் சின்ன வேக்குவம் ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டு பக்கத்து முனையை விரலால் பொத்துங்கள். தண்டு டக்கென்று மூட வேண்டும். திரும்ப மாட்டினால் திறக்க வேண்டும். திறந்தபடியே அசையாமல் நின்றால் தண்டிலும் ஸ்பிரிங்கிலும் துரு இருக்கிறதா பாருங்கள். மூடியபடியே நின்றால் முதலில் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், அப்புறம் டயாப்ரம்.