ஆடிக் காற்றுக்கு ஓர் ஐஸ் குச்சிச் சுழலி

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றை வீணாக்காமல் கிருஷ்ணகிரி வீட்டுத் தோட்டத்து மாமரத்தில் ஒரு சுழலியைத் தொங்கவிடலாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஐஸ் குச்சிகள் 36, கெட்டியான கம்பி, இரண்டு பாசிமணிகள் போதும்.

ஒவ்வொரு குச்சியிலும் சரியாக நடுவில் துளை போடுங்கள். ஓட்டை தள்ளிப் போனால் சுழலி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு அடம்பிடிக்கும். முதல் குச்சியை அளந்து துளைத்துவிட்டு, அதையே அச்சாக வைத்து மற்றவற்றில் புள்ளி வைப்பது சுலபம். அப்புறம் கம்பியில் கோத்து, அடுத்தடுத்த குச்சியின் நுனியை அரை சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி ஒட்டிக்கொண்டே போங்கள். எல்லாம் ஒரே திசையில்தான் திரும்ப வேண்டும். 36 குச்சியில் அரைச் சுற்று வந்துவிடும். பக்கவாட்டில் பார்த்தால் முறுக்கிய ஏணி மாதிரி இருக்கும். மேலும் கீழும் மணி கோத்து, கம்பி நுனிகளை வளைத்துவிடுங்கள்.

சாதாரண வெள்ளைப் பசை மழையில் ஊறிப் பிரிந்துவிடும். தச்சர்கள் வாங்கும் தண்ணீர் தாங்கும் பசையே சரி. எனாமல் பெயிண்ட், வார்னிஷ் இரண்டில் ஒன்று கட்டாயம்.

நூலை நேராகக் கம்பியில் கட்டினால் அது முறுக்கேறிச் சுழலி நின்றுபோகும். தூண்டில் சாமான் கடையில் ஸ்விவல் என்று கேளுங்கள்; இரு முனையும் தனித்தனியே சுழலும் சின்ன இணைப்பு அது. நூலுக்கும் கம்பிக்கும் இடையில் அதை மாட்டுங்கள். இலை அடர்ந்த கிளை வேண்டாம், நாலு பக்கமும் ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும்.