காளிகேசத்துக்கு நடை, சானல் கரைக்கு சைக்கிள்: குமரி மலைக்குப் போறவங்களுக்கு

நாகர்கோவில்ல எந்த மொட்ட மாடியில ஏறி நின்னாலும் மலை இந்தா இருக்குன்னு தெரியும், அத பாத்துட்டுதான் நெறைய பேரு லீவு நாள்ல சைக்கிள கார் மேல கட்டிக்கிட்டு கீரிப்பாறை வரைக்கும் வந்து, உள்ள விடுங்கன்னு கேட்டு நிக்காங்க. விடமாட்டாங்க, விடவும் கூடாது. அது 2008-ல அறிவிச்ச கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம், சுமார் 402 சதுர கிலோமீட்டர், யானை, காட்டுமாடு, மிளா மான் எல்லாம் நடமாடுற காடு. அனுமதி இல்லாம நுழைஞ்சா 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல கேஸ் ஆகும். அதனால நான் எல்லார்ட்டயும் சொல்லுறது ஒண்ணுதான், காட்டுக்குள்ள கால்நடையா கைடு கூட போங்க, சைக்கிள காட்டுக்கு வெளிய சானல் (பாசனக் கால்வாய்) கரையிலயும் ரப்பர் தோட்டத்து ரோட்டுலயும் மிதிங்க. ரெண்டுமே ஆசை தீர பண்ணலாம், ஒண்ணுக்குள்ள ஒண்ண கலக்காதீங்க.

முதல்ல நடை. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போன பிள்ளைங்க இறந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதுக்குப் பொறவுதான் ட்ரெக்கிங்குக்கு தனி விதி வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசாங்கமே ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதைய திறந்தாங்க, அதுல நம்ம மாவட்டத்துல காளிகேசமும் இஞ்சிக்கடவும் உண்டு. ஆன்லைன்ல புக் பண்ணிட்டு ஐடி கார்ட எடுத்துட்டுப் போகணும். பயிற்சி எடுத்த மலையோர ஊர் பிள்ளைங்கதான் கைடா கூட வருவாங்க. தீ சீசன்ல மூடிருவாங்க, 2025-ல பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் நடுவு வரைக்கும் மூடியிருந்துச்சு, அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே தேதிய பாத்துக்கிடுங்க. நமக்கு ரெண்டு மழையும் உண்டு, ஜூன்ல ஒண்ணு ஐப்பசியில ஒண்ணு, அது ரெண்டும் ஓஞ்ச பொறவு டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி ஆரம்பம் வரைக்கும் நடக்க நல்ல நேரம்.

இதுவரைக்கும் மலையே ஏறினதில்லன்னா நேரா காட்டுக்குப் போகாதீங்க, ரெண்டு மூணு ஞாயித்துக்கிழமை மருந்துவாழ் மலைக்கு போங்க. பொத்தையடி பக்கம் இருக்கு, அனுமார் கொண்டு போன சஞ்சீவி மலையில இருந்து விழுந்த துண்டுன்னு சொல்லுவாங்க, நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகையும் அங்கதான். விடியும் முன்ன ஏற ஆரம்பிச்சிரணும், வெயில் ஏறினா பாறை சுட்டுப் பொசுக்கிரும். ஏறுறது மூச்ச சோதிக்கும், இறங்குறதுதான் முட்டிய சோதிக்கும், அதனால இறங்கும்போது சின்ன சின்ன எட்டா வச்சு முட்டிய லேசா மடக்கியே இறங்கிப் பழகுங்க.

காட்டுக்குள்ள கைடு முன்னால, நாம ஒத்த வரிசையில பின்னால. கூட்டத்துலயே மெதுவா நடக்குறவங்க கைடுக்கு அடுத்தாப்ல வரணும், அவங்க வேகம்தான் எல்லாருக்கும் வேகம். நான் ஒரு தடவ போனப்ப கைடு அண்ணன் திடீர்னு கைய தூக்கினார், எல்லாரும் நின்னோம். பாதையோரம் யானைப் பிண்டம், அதான் லத்தி, கிடந்துச்சு. அவரு குனிஞ்சு பாத்துட்டு கைய பக்கத்துல கொண்டு போனார், இன்னும் லேசா ஆவி பறந்துச்சு, ஈ கூட சரியா மொய்க்கல. பக்கத்துல மூங்கில் மாதிரி வளர்ற ஈத்தக் காட்டுல பாதி கடிச்ச தண்டுல இருந்து ஈரம் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு வார்த்தை பேசாம தரையில கெடந்த புழுதிய ஒரு பிடி அள்ளி மெல்ல கீழ விட்டு காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்தார், அப்புறம் திரும்பிப் போகலாம்னு சைகை காட்டினார். திரும்பிட்டோம், பாதி தூரம்தான் போயிருந்தோம், பணம் கட்டியாச்சே இன்னும் கொஞ்சம் போலாமேன்னு யாரும் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க. கைடு நில்லுன்னா நிக்கணும், பின்னால வான்னா வரணும், ஏன்னு கேள்விய கீழ வந்து கட்டஞ்சாயா குடிக்கும்போது கேட்டுக்கலாம், அவங்களும் ஆசையா சொல்லுவாங்க. சென்ட் அடிக்காதீங்க, ஸ்பீக்கர்ல பாட்டு போடாதீங்க, பளிச்சுன்னு சட்ட போடாதீங்க.

அட்டைக்கு பயப்பட வேண்டாம், ஆனா தயாரா போங்க. பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிடுங்க, ஒரு துணியில உப்பு கட்டி பையில வச்சுக்கோங்க, கடிச்சுட்டா பிடிச்சு இழுக்காம உப்ப தொட்டு வச்சா தானா விட்டுரும், ரத்தம் கொஞ்ச நேரம் ஓடத்தான் செய்யும். பாம்பு கடிச்சா கயிறு கட்டுறது, கத்தியால கீறுறது எதுவும் வேண்டாம், கடிபட்டவர நடக்க விடாம தூக்கிட்டு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிரணும். சாப்பாட்டுக்கு மட்டிப்பழம் ஒரு சீப்பு போதும், கைக்கடக்கம், வயித்துக்கும் சுகம், தோல மட்டும் பையில போட்டு திருப்பிக் கொண்டு வாங்க.

காளிகேசத்துல ஆறு பாக்க அமைதியா கண்ணாடி மாதிரி இருக்கும். கீழ வெயில் அடிக்கும்போதே மேல மழை பெஞ்சிருக்கும். தண்ணி நிறம் கலங்குனாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, சத்தம் கூடுனாலோ அந்த நிமிஷமே கரைக்கு ஏறுங்க, செருப்ப எடுக்கணும் போன எடுக்கணும்னு நிக்காதீங்க. ஆத்துக்கு குறுக்க இருக்க சப்பாத்து (தரைப்பாலம்) மேல தண்ணி ஓடுனா கடக்கவே கடக்காதீங்க.

இனி சைக்கிள். நாஞ்சில் நாட்டுல சானல் கரைய விட நல்ல பாதை எனக்குத் தெரியாது, தோவாளை சானல், அனந்தனார் சானல் ரெண்டும் மலையடிவாரத்து வயக்காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போகும். ஜூன்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பாசனத்துக்கு தண்ணி விடுவாங்க, அப்ப கரையில ஆளு குளிக்கும், துணி துவைக்கும், மாடு நிக்கும், அந்த இடத்துல எல்லாம் இறங்கி உருட்டிக்கிட்டுதான் போகணும், அது அவங்க இடம். ஏத்த இறக்கம் வேணும்னா குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறை போற ரோடு, ரெண்டு பக்கமும் ரப்பர். தோட்டத்துக்குள்ள பிரியுற மண்பாதை தனியார் இடம், கேட்டுட்டு ஏறுங்க. விடியக்காலம் ரப்பர் பால்வெட்டு நடக்கும், தலையில லைட்ட கட்டிக்கிட்டு ஆளு மரத்துக்கு மரம் போய்க்கிட்டு இருப்பாங்க, சிரட்டையில பால் சொட்டிக்கிட்டு இருக்கும், அந்த நேரம் உள்ள போய் இடைஞ்சல் பண்ணாதீங்க.

ரப்பர் மரம் ஜனவரி பிப்ரவரியில இலை உதிர்க்கும். அந்த இலை ஒரு மழைய வாங்கிட்டு செம்மண்ணு மேல கெடந்தா எண்ணெய் கொட்டின மாதிரிதான். ஒரு வளைவுல நான் முன் பிரேக்க பிடிச்சதும் முன் வீல் சறுக்கி விழுந்து முழங்கை கிழிஞ்சு ஆறு தையல். இப்ப யாருக்கு சொல்லிக் கொடுத்தாலும் முதல்ல இதத்தான் சொல்லுவேன், வேகத்த வளைவுக்கு முன்னாலயே குறைச்சிருங்க, வளைவுக்குள்ள பிரேக்க தொடாதீங்க. இறக்கத்துல ரெண்டு பெடலும் ஒரே மட்டத்துல இருக்கணும், சீட்ட விட்டு எழுந்து இடுப்ப பின்னால தள்ளணும், ரெண்டு பிரேக்லயும் ஒத்த விரல வச்சு விட்டு விட்டு பிடிக்கணும். கண்ணு முன் வீல பாக்கக் கூடாது, பத்தடி பதினஞ்சடி தள்ளி எங்க போகணுமோ அங்க பாக்கணும். மண்பாதைக்கு டயர்ல காத்த கொஞ்சம் குறைங்க, டியூப் டயர்னா 30 பிஎஸ்ஐ பக்கம், ரொம்ப குறைச்சா கல்லுல அடிச்சு டியூப் கடிபட்டுரும். ஸ்பேர் டியூப், பம்ப், ஹெல்மெட் இல்லாம வீட்ட விட்டு இறங்காதீங்க, தோட்டத்துக்குள்ள பஞ்சர் கடை கிடையாது.

வந்ததும் செயின்ல இருக்க செம்மண்ண பழைய பிரஷ்ஷால தேய்ச்சு கழுவி, காய விட்டு, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு துடைங்க, மழைக்காலத்துல ஒரு ராத்திரி அப்படியே போட்டா காலையில துரு பிடிச்சிருக்கும்.