தலைப்புப் பக்கத்தில் யார் பெயர்?

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் அச்சான கவிதைகளில் ஏராளமானவை எழுதியவர் பெயர் இல்லாமலே கடைக்கு வந்தன. படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்: பெயர் இல்லையென்றால் யாரோ ஊர்பேர் தெரியாதவர் எழுதியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 1728-இல் சக எழுத்தாளர்களைக் கிண்டலடிக்கும் 'டன்சியட்' என்ற கவிதை வந்தபோது அலெக்ஸாண்டர் போப் நாடறிந்த கவிஞர். ஆனாலும் அதில் அவர் பெயர் கிடையாது. போதாக்குறைக்கு, டப்ளினில் அச்சிட்டதை லண்டனில் மறுபதிப்பு செய்ததாக முகப்பிலேயே ஒரு பொய். 1735-இல்தான் அதைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார்.

சரி, பெயர் போட்டிருந்தால் நம்பலாமா? அதுவும் ஆபத்துதான். ஜான் பிரெவல் என்பவர் 'ஜோசப் கே' என்ற புனைபெயரில் எழுதினார். 1717-இல் வந்த அவருடைய நாடகத்தின் முகப்பில் வெறும் 'மிஸ்டர் கே' மட்டும். வாங்குபவர் பிரபல கவிஞர் ஜான் கே என்று நினைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

இதில் கைதேர்ந்தவர் எட்மண்ட் கர்ல் என்ற புத்தக வியாபாரி. 1716-இல் அவர் ஏற்பாட்டில் 'அரசவைக் கவிதைகள்' என்று ஒரு சிறு நூல் வந்தது. முன்னுரை என்ன சொன்னது தெரியுமா? ஓர் உயர்குலப் பெண்மணி எழுதியது என்கிறார்கள் சிலர், கே என்கிறார்கள் வேறு சிலர், ஹோமரை மொழிபெயர்த்தவர்தான், அதாவது போப்தான், என்கிறார் இன்னொருவர். மூன்று பெயரையும் தூவிவிட்டால் விற்பனை மூன்று மடங்கு என்ற கணக்கு போலிருக்கிறது! உண்மையில் பெரும் பங்கு அந்த உயர்குலப் பெண்மணியான லேடி மேரி வொர்ட்லி மாண்டகுவுடையது. கோபம் கொண்ட போப், மதுக்கடையில் கர்லின் கோப்பையில் வாந்தி மருந்தைக் கலந்து கொடுத்தார். அப்புறம் அந்தக் கூத்தைப் பற்றி ஒரு துண்டுநூலும் எழுதினார். அதிலும் தன் பெயரைப் போடவில்லை.

நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அடுத்த மயக்கம். பத்து அசை வரிகளை இரண்டிரண்டாக, கடைசி ஒலி ஒத்துவரும்படி எழுதுவது அன்று எல்லோருக்கும் பொதுவான வடிவம். 1733-இல் போப் 'மனிதன் பற்றிய கட்டுரை' என்ற கவிதையின் முதல் பகுதியை வேண்டுமென்றே பெயரில்லாமல் வெளியிட்டார். அதே மாதத்தில் தன் பெயரிலும் ஒன்று விட்டதால் பலருக்குச் சந்தேகம் வரவில்லை. 'டன்சியட்'டில் அவரிடம் அடிபட்ட கவிஞர் லெனர்ட் வெல்ஸ்டெட்கூடப் பாராட்டி எழுதினார். போப்பை நன்கு அறிந்தவர்களே கோட்டைவிட்ட இடத்தில், 300 ஆண்டு கழித்து 'போப்பின் வாசனை அடிக்கிறது' என்று நாம் சொல்வதற்கு என்ன மதிப்பு?

ஒரு கவிதைக்கு ஒரே ஆசிரியர்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதே 1733-இல் 'ஒரு பெண்மணி' எழுதியதாகப் போப்பைத் தாக்கி ஒரு கவிதை வந்தது. லேடி மேரியும் ஹெர்வி பிரபுவும் சேர்ந்து எழுதியது என்பது வழக்கமான கருத்து. எந்த வரி யாருடையது என்பது இன்றும் தீராத வழக்கு.

கடைசியாக, நூலகப் பட்டியலில் எழுதியவர் பெயர் சதுர அடைப்புக்குள் இருந்தால் கவனியுங்கள். அது நூலில் இல்லாதது, பட்டியல் தயாரித்தவர் சேர்த்தது. மேற்கோள் காட்டும்போது அடைப்பை உதறிவிடுகிறோம். அடுத்தவர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறார். 'ராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டீஃபோ பெயரில் இப்படிச் சேர்ந்த செய்யுளும் உரைநடையும் 500-ஐத் தாண்டின. 1994-இல் ஃபர்பேங்க், ஓவன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் உட்கார்ந்து ஆதாரம் கேட்டபோது, ஏறத்தாழ பாதி நிற்கவில்லை.